அருளப்பன் சாரின் பதின்மூன்று விநாடி

சென்ற மாதம் சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ஊசி போட்ட பெண்ணின் பெயர் கோகிலா. கோலா கெத்தில் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. கையை நீட்டிக்கொண்டே அவள் எடுத்து வைத்த குழாய்களை எண்ணினேன். எனக்கு எழுதியிருந்த சோதனைகளுக்கு மூன்று போதும். அங்கே நான்கு இருந்தன. நான்காவது எதற்கு என்று கேட்டேன்.

"ஐயோ, இது அடுத்த ஆளோடது அங்கிள். நீங்க லேப்ல வேல செஞ்சீங்களா?"

செய்தேன் என்றேன். அவ்வளவுதான். ஊசி இன்னும் நரம்பில் இருக்கும்போதே தன் குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"டிப்ளோமா மட்டும் பத்தாதுலா அங்கிள் இப்ப. கவுன்சில்ல பதிவு செய்யணும். அப்புறம் லைசென்ஸ் எடுக்கணும், அத புதுப்பிக்க கோர்ஸ் போயி பாயிண்ட் சேக்கணும். ஒரு பேப்பர் குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிடறாங்க. உங்க காலத்துல எல்லாம் ஈசிதானே? யாரு உங்களுக்கு சர்ட்டிபிகேட் கொடுத்தா?"

"ஒருத்தர் கொடுத்தார்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்து காடிக் கதவைச் சாத்தி உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நின்றுவிட்டதா என்று இன்றுவரை நான் ஒன்றுக்கு மூன்று முறை பார்க்கிறேன். என் மனைவிக்கு இது எரிச்சல். காரணத்தை அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை. கோகிலாவின் கேள்விக்குப் பதிலும் அந்தக் காரணமும் ஒன்றுதான். ஆகவே எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் மூன்று ஆண்டு படித்தேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சிறுநீரில் தொடங்கி ரத்தத்தில் முடித்தார்கள். விடுதிச் சாப்பாட்டில் மீன் துண்டு சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு டிப்ளோமா கொடுத்து, கெடாவில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதன் பெயர் வேண்டாம். ஆய்வுக்கூடத்தின் சன்னலில் ஜெராய் மலை தெரியும் என்பது போதும்.

போய்ச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துகொண்டேன், டிப்ளோமா வைத்திருப்பவன் வேலை செய்யலாம், கையெழுத்துப் போட முடியாது. எங்கள் தலைமை அதிகாரி ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு சோதனைக்கும் அதில் ஒரு பக்கம். நான் செய்ய, அவர் பக்கத்தில் நின்று பார்த்து, திருப்திப்பட்டால் கையெழுத்திடுவார். எல்லாப் பக்கமும் நிரம்பினால்தான் என் வேலை நிரந்தரமாகும். அதுவரை நான் செய்த சோதனையெல்லாம் அவர் பெயரில்தான் வார்டுக்குப் போகும்.

அவர்தான் அருளப்பன் சார். தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவரின் மகன். வெள்ளைச் சட்டை, வெயிலில் கறுக்கும் கண்ணாடி, மெல்லிய குரல். யாரையும் திட்ட மாட்டார். தவறாகச் செய்தால் குழாயை எடுத்துக் கழுவி, துடைத்து, மறுபடி நம் கையில் கொடுப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். எதையும் இரண்டு தடவை செய்வார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது தடவை. "ஒரு ஆள் சாட்சி பத்தாது தம்பி" என்பார்.

எண்ணும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. அணுக்களை நூறு வரை எண்ணுகிறவன் பிறகு படிக்கட்டையும் எண்ணுவான், பந்தியில் இலையையும் எண்ணுவான். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

என் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. ரத்தம் உறையும் நேரம். அறுவை சிகிச்சைக்கு முன் கட்டாயம் பார்ப்பார்கள். உறையாத ரத்தத்தோடு ஒருவரை மேசையில் படுக்க வைத்தால் மீட்க முடியாது. ரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பிளாஸ்மா என்போம். அதில் சிறிதளவைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைய வைக்கும் மருந்தை ஊற்றி, அதே நொடி கடிகாரத்தை அழுத்த வேண்டும். பிறகு குழாயை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடிக்கொண்டிருப்பதில் திடீரென்று சிலந்தி நூல் போல ஒன்று தோன்றும். கடிகாரத்தை நிறுத்த வேண்டும்.

ஆனால் மருந்து பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆகவே நோயாளியின் ரத்தத்தோடு நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்தையும் வைத்துப் பார்ப்போம். அந்த ஆளை 'நார்மல்' என்போம். நோயாளியின் விநாடியை நார்மலின் விநாடியால் வகுத்து, அந்தக் கணக்கை மட்டும் வார்டுக்கு அனுப்புவோம். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இப்போது நார்மல் பொடியாகக் குப்பியில் வருகிறது. அது யார் யாருடைய ரத்தம் என்று கோகிலாவிடம் கேட்டேன். "யாருக்குத் தெரியும் அங்கிள், பெட்டியில வருது" என்று சிரித்தாள்.

எங்களுக்குத் தெரியும். எங்கள் நார்மல் அருளப்பன் சார்தான். பல பேருடைய ரத்தத்தைக் கலந்து வைப்பதுதான் முறை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களே நான்கு பேர். ஹஸ்னா அக்கா, மலாயில் கக் ஹஸ்னா, கர்ப்பமாக இருந்தார். உதவியாளர் லிம் இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், அந்த ரத்தம் ஆகாது. மிச்சம் நான். நான் ஒருமுறை கையை நீட்டியபோது சார் தலையை ஆட்டினார்.

"உன் ரத்தத்துக்கு இன்னும் சர்ட்டிபிகேட் வரல தம்பி. பாஸ் பண்ணு, அப்புறம் எடுத்துக்கறேன்."

காலையில் வந்ததும் சட்டைக் கையை மடித்து நாற்காலியில் உட்கார்வார். ஹஸ்னா ஊசி போடுவார். மலாய்க்காரர்தான், ஆனால் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர், எங்களைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார்.

"வெட்டும்மா, வெட்டு. எங்கப்பன் எத்தன மரத்த வெட்டியிருப்பாரு" என்பார் சார்.

"மரம் இவ்வளவு பேசாது சார்" என்பார் ஹஸ்னா.

சாரின் நேரம் பதின்மூன்று விநாடி. எப்போதும் அதேதான். மழைக்காலம், நோன்பு மாதம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எதிலும் மாறாது. அவர் பினாங்குக்கு மகள் வீட்டுக்குப் போகும் நாள்களுக்காகத் தன் பிளாஸ்மாவைச் சிறு குப்பிகளில் அடைத்துப் பெயர் எழுதி உறைபெட்டியில் வைத்துவிட்டுப் போவார். ஆள் இல்லாவிட்டாலும் ரத்தம் இருக்கும். ஒருநாள் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குருண்லேர்ந்து இங்க வரைக்கும் எவன் ரத்தம் எப்படின்னு என்னக் கேட்டுத்தான் முடிவு பண்றாங்க." பெருமையாகச் சொன்னதாக அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் ரத்தத்தை வாயால் உறிஞ்சித்தான் அளந்தோம். கண்ணாடிக் குழலின் ஒரு முனை ரத்தத்தில், மறு முனை உதட்டில். குறிக்கோட்டில் நிறுத்தப் பழக வேண்டும். எல்லோருக்கும் சில தடவை தவறும். நாக்கில் உப்புக் கரிக்கும், துப்பிவிட்டு வாய் கொப்பளிப்போம். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. ஊரார் ரத்தத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்த்தவர்தான் ஊராருக்கு அளவுகோலாக இருந்தார்.

ஒரு புது மருந்துப் பெட்டி வந்தது. அதைத் திறந்த வாரம் சாரின் நேரம் பதினான்கு ஆனது. "மருந்து கொஞ்சம் மெதுவா இருக்கு" என்றார். நியாயமான பேச்சு. அடுத்த வாரம் பதினைந்து. பிறகு பதினாறு. அவர் பிளாஸ்மா வைக்கோல் நிறத்திலிருந்து தேநீர் நிறத்துக்கு வந்தது. "பப்பாளியா சாப்புடறேன், அதான்" என்றார். நாங்களும் நம்பினோம். தினம் பார்க்கிற முகத்தில் யாரும் எதையும் பார்ப்பதில்லை.

அந்த வாரங்களில்தான் வார்டுகளில் ஒரு விசித்திரம் நடந்தது. யாருக்குமே ரத்தம் கெடவில்லை. ஈரல் வீங்கி மஞ்சளாகக் கிடந்தவர்கள், பல் ஈறில் ரத்தம் கசிந்தவர்கள், ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாய்ந்தவர்கள், எல்லோரும் எங்கள் தாளில் நன்றாக இருந்தார்கள். நான் ஒரு பக்கம் எழுத, ஹஸ்னா இன்னொரு பக்கம் படித்துப் பார்த்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார்.

"எல்லாரும் நார்மல். ஒருத்தர்கூட பாக்கி இல்ல. எனக்குப் பயமா இருக்குலா."

"நல்லதுக்கு ஏன் பயப்படறீங்க கக்?"

"ஆஸ்பத்திரில எல்லாரும் நல்லா இருந்தா பயப்படணும் தம்பி."

அப்படி ஒரு நாள்தான் பார்வதியின் ரத்தம் வந்தது. குருண் பக்கத்தில் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். பித்த நாளத்தில் கல் அடைத்து உடம்பெல்லாம் மஞ்சள். பிற்பகல் அறுவை சிகிச்சை. கணவர் வீரையா, வெளியே பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு நீ செய். நான் பாக்குறேன். கடைசிப் பக்கத்த முடிச்சிருவோம்" என்றார் சார்.

செய்தேன். பார்வதிக்குப் பத்தொன்பது. நார்மலுக்குப் பதினெட்டு. வகுத்தால் ஒன்றுக்கு மேல் ஒரு துளி. நல்லது என்று எழுதி சார் பெயரில் தாள் போய்விட்டது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பயிற்சிப் புத்தகத்தை இழுத்துக்கொண்டார்.

நான் இரண்டு பிளாஸ்மாக் குழாயையும் எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். வெளிச்சத்தில் பிடித்தேன். பெயர்ச் சீட்டை விரல் மறைத்திருந்தது. எது பார்வதி, எது சார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறம்.

திரும்பினேன். கையெழுத்துப் போடக் குனிந்திருந்தார். அவருடைய சட்டைக் கையில், முழங்கை மடிப்பில், ஒரு காசு அளவு சிவப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் விளிம்பு கொஞ்சம் நகர்ந்தது. ஊசி குத்தியது காலையில் கதவு திறந்தவுடன். இப்போது மதியச் சாப்பாட்டு நேரம்.

"சார், கையில ரத்தம்."

அவர் பார்த்தார். "ஹஸ்னா சரியா அமுக்கல போல."

"நான் அமுக்கினேன் சார்" என்றார் ஹஸ்னா. "ரெண்டு தடவ பஞ்சு மாத்தினேன்."

என் புத்தகம் சாரின் கைக்குக் கீழே திறந்து கிடந்தது. நான் பேசாமல் இருந்தால் கையெழுத்து விழும், வேலை நிரந்தரமாகும். பார்வதியை அதற்குள் தள்ளுவண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

"சார், என் ரத்தத்த ஒரு தடவ போட்டுப் பாக்கட்டுமா?"

"உன் ரத்தத்துக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார். பேனாவை மூடினார். "எடு."

அதே மருந்து, அதே தொட்டி. என் ரத்தம் பதின்மூன்றில் உறைந்தது. மறுபடியும் போட்டோம், பதின்மூன்று. மருந்தில் குறையில்லை. பார்வதியின் பத்தொன்பதை இந்தப் பதின்மூன்றால் வகுத்தால் கணக்கு ஒன்றரையை நெருங்கியது.

பிறகு, "ஒரு ஆள் சாட்சி பத்தாது" என்று சொல்லிக்கொண்டு சாரே போய் உறைபெட்டியைத் திறந்தார். பினாங்குக்குப் போனபோது வைத்ததில் இரண்டு குப்பி மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். மேலே அவர் பெயர், அவர் கையெழுத்திலேயே.

"பழைய ஆள எழுப்புவோம்" என்றார்.

இரண்டு குழாயைத் தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். ஒன்று சில வாரத்துக்கு முந்தைய அருளப்பன், வைக்கோல் நிறம். இன்னொன்று இன்று காலை அருளப்பன், தேநீர் நிறம். மூன்றாவது அருளப்பன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது.

பழையதில் மருந்தை ஊற்றினேன். சாய்த்தேன். பதின்மூன்றில் வெள்ளை நூல் வந்து நின்றது.

"அப்ப நல்லா இருந்திருக்கேன்" என்றார்.

புதியதில் ஊற்றினேன். சாய்த்தேன். பதின்மூன்று போனது. தண்ணீர். பதினைந்து போனது. தண்ணீர். கடிகாரத்தின் முள் நகரும் சத்தம் அவர் உள்ளங்கைக்குள்ளிருந்து வந்தது. உறைந்துவிடு என்று நான் மனதுக்குள் அதட்டிக்கொண்டிருந்தேன். பதினெட்டு தாண்டித்தான் நூல் வந்தது, அதுவும் இழை இழையாக, பிடிப்பே இல்லாமல்.

"இன்னொரு தடவ" என்றார். இன்னொரு தடவையும் அப்படித்தான்.

வேர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணின் வெள்ளையில் வெள்ளை இல்லை. ஹஸ்னா வயிற்றில் கை வைத்துக்கொண்டு பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தார். சார் எதையும் கவனிக்காதவர் போல் நேராகத் தொலைபேசிக்குப் போனார். டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் எழுதுகிறேன்.

"பார்வதியை தியேட்டருக்குள்ள கொண்டு போகாதீங்க டாக்டர். எங்க ரிப்போர்ட் தப்பு. அந்தம்மாவுக்கு ரத்தம் உறையாது. இந்த மாசம் அனுப்பின எல்லா ரிப்போர்ட்டும் தப்பு, எல்லாத்தையும் திரும்பச் செய்யறோம்."

மருந்து கெட்டுவிட்டதா என்று அங்கே கேட்டிருக்க வேண்டும்.

"மருந்து நல்லாத்தான் இருக்கு. நார்மல் கெட்டுப்போச்சு."

மறுபடி ஏதோ கேட்டார்கள்.

"பேசிக்கிட்டிருக்கறவன்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தள்ளுவண்டி தியேட்டர் வாசல் வரை போய்த் திரும்பியதாகப் பிறகு தாதி சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வீரையா எங்கள் சன்னலுக்கு வந்துவிட்டார். டாக்டர் பாதி விளக்கி அனுப்பியிருந்தார்.

"என்னா சாரு வெளையாடறீங்க? நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம கெடக்கறா. சீக்காளி ரத்தத்தப் பக்கத்துல வச்சா ஒத்துப் பாப்பீங்க? ஊருல ஒங்களுக்கு வேற ஆளே கெடைக்கலயா?"

நான் வாயைத் திறந்தேன். சார் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கண்ணாடியைப் போட்டிருந்தார். சிவந்த கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. தப்பு எங்களோடதுதான். அடுத்த தடவ நல்ல ஆளா பாத்து வைக்கிறோம்."

"வச்சாச் சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார் வீரையா.

அதற்குப் பிறகுதான் சார் என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார். தாளில் ரத்தம் படாமல் இருக்க இடது கையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு எழுதினார். "நாளையிலேர்ந்து நீயும் நார்மல்தான். ஆனா ஒருத்தன மட்டும் நம்பாதே. என்னப் பாத்தாச்சுல்ல" என்றார். கோகிலா கேட்டாளே, யார் கொடுத்தது என்று. இப்படித்தான் கிடைத்தது.

மறுநாள் அவரைப் பினாங்குக்குக் கொண்டுபோனார்கள். ஈரல். எங்கே தொற்றியது என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் குழல்களுக்கு வாய்க்குப் பதிலாக ரப்பர் குமிழ் கேட்டு எழுதிப் போட்டோம். அடுத்த வாரம் உடல் திரும்பி வந்தது. ரத்தமாக வாந்தி எடுத்ததாகவும், நிற்கவே இல்லை என்றும் அவர் மகள் சொன்னாள். மாதா கோயில் கல்லறையில் மாலையில் மண் போட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் காலை பார்வதியின் ரத்தம் மறுபடி வந்தது. இத்தனை நாளும் ரத்தம் உறைய ஊசி மருந்து போட்டு, இடையில் வந்த காய்ச்சலும் இறங்கி, இன்று எப்படியும் அறுத்துவிட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். ஹஸ்னா பிரசவ விடுப்பில் போய்விட்டார். லிம் ரத்தம் ஆகாது. நான் என் கையில் நானே குத்தி எடுத்தேன். பதின்மூன்று.

நம்ப முடியவில்லை. நானும் அதே குழல்களை வாயில் வைத்தவன். கண்ணாடிக்கு முன் நின்று என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ஊசி குத்திய இடத்தைப் பார்த்தேன். இன்னொரு சாட்சி வேண்டும். உறைபெட்டியில் சாரின் கடைசிக் குப்பி இருந்தது.

அதைத் தொட்டியில் நிறுத்தினேன். பனி உருகி, உள்ளே மெல்ல அசைந்து, வைக்கோல் நிறத்துக்கு வந்தது. அந்தத் தொட்டி எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்கும். அவரில் எஞ்சியிருந்த வெதுவெதுப்பெல்லாம் அந்தக் குப்பிதான். மருந்தை ஊற்றிக் கடிகாரத்தை அழுத்தினேன். தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. இருந்தும் காதில் மூச்சுப் படுவது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் நூலைத் தவறவிட்டுவிடுவேன். திரும்பவில்லை. சாய்த்தேன். சாய்த்தேன்.

பதின்மூன்று.

இரண்டாம் தடவையும் பதின்மூன்று. பார்வதிக்குப் பதினான்கு. தாளில் முதல் தடவையாக என் கையெழுத்தைப் போட்டேன்.

சன்னலில் வீரையா நின்றுகொண்டிருந்தார். முந்தைய தடவை கத்தியதற்கு வெட்கப்பட்டவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"சாரு, இந்தத் தடவ சரியா பாத்தீங்கல்ல?"

"பாத்தோம்ண்ணே. அறுக்கலாம்."

அவர் போகவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே தொட்டியைப் பார்த்தார்.

"ஒத்துப் பாத்த ஆளு... நல்லா இருக்காரா?"

குழாய் இன்னும் என் கையில் இருந்தது. சூடு ஆறவில்லை.

"நல்லா இருக்காருண்ணே" என்றேன்.